வெள்ளையன் கிடக்கும் இடம்

தோட்ட மருந்துச்சாலை,
ஹப்புத்தளை.
1955 ஜனவரி 9

வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் கையெழுத்தைக் கண்டதும் யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம்.

என் கலியாணம் முடிந்து இருபது மாதமாகிறது. உங்களுக்கு ஒரு வரியும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பெண்ணைப் பொறுப்பெடுத்துக் கொடுக்கும் வலியாக நீங்கள் உட்கார வேண்டிய இடத்தில் பெரியவாப்பா உட்கார்ந்தார். உம்மாவுக்குப் பிறகு என்னை வளர்த்த சபியா சாச்சி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து, "பொத்துவில் பஸ் பிந்தியிரிக்கும், வந்திருவார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. கோமாரியிலிருந்து சாய்ந்தமருதுக்கு வர எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வரவில்லை. ஏன் என்று பிறகும் சொல்லவில்லை.

இப்போது எழுதுவது வேறு காரணத்துக்கு. உங்கள் மருமகன் பளீலை ஒக்டோபரில் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு டிஸ்பென்சராக மாற்றினார்கள். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் மூடுகிற மூடுபனி சில நாள் பின்னேரம் வரைக்கும் விலகாது. கதவைத் திறப்பேன், மூடுவேன், திரும்பத் திறப்பேன். எதற்கென்று எனக்கே தெரியாது.

என் குசினி ஜன்னலுக்கு நேரே, பள்ளத்துக்கு அப்பால், சிவப்புக் கூரை போட்ட பெரிய கட்டடம் ஒன்று தெரிகிறது. நாலு மணிக்குப் பிறகு தோட்டத்து லயங்களில் இருக்கும் பெண்கள் அந்தப் பக்கம் நடக்க மாட்டார்கள். கொழுந்து எடுக்கிற ஒருத்தியிடம் ஏன் என்று கேட்டேன். "அது பேய் ஹோட்டலுங்க அம்மா. குதிரையும் குதிரைக்காரனும் நடக்குங்க" என்றாள். பெயர் என்ன என்று கேட்டேன். ஆர்டன்ஹில் என்றாள்.

அந்தப் பெயரை நான் மறப்பேனா? அது அச்சடித்த தாளில்தானே நீங்கள் உம்மாவுக்கு எழுதுவீர்கள்? ஹார்டிங் துரையின் குதிரைக் காட்சியில் நீங்கள் குதிரைக்காரனாக இருந்த ஒன்பது வருடமும், ஜனவரி பிறந்தால் காட்சி அந்த ஹோட்டலுக்கு வரும், உங்கள் விலாசம் அதுதான். உம்மா நோய் கடுமையாகிக் கிடந்தபோது தந்தி போனதும் அங்கேதான். நீங்கள் வந்து சேர்ந்தது உம்மாவை அடக்கி நாலாம் நாள். எனக்கு ஏழு வயது. சாச்சியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உங்களைப் பார்த்தேன். காலில் செருப்பில்லை. உங்கள் மேலெல்லாம் குதிரை வாடை.

நீங்கள் வளர்த்த அந்தக் குதிரையை ஹோட்டல் தோட்டத்திலேயே புதைத்துக் கல்லும் வைத்திருக்கிறார்களாம். கொழும்பிலிருந்து காரில் வந்து பார்க்கிறார்களாம். மெனேஜரின் மனைவிக்குக் காலில் புண். மருந்து கட்ட உங்கள் மருமகன் அங்கே போய் வருகிறார். ஒரு நாளைக்கு என்னையும் வரச் சொல்கிறார்.

உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஸம்ஸியா


கோமாரி.
17.1.55

அன்பு மகள் ஸம்ஸியாவுக்கு வாப்பா ஆதம்பாவா ஸலாம் சொல்லி எழுதுவது.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நீ எழுதியதெல்லாம் சரி.

ஆனால் அங்கே போக வேண்டாம். பேய் பிசாசுக்குப் பயந்து சொல்லவில்லை. போக வேண்டாம், அவ்வளவுதான். அப்படிப் போனாலும் யாருடைய மகள் என்று யாரிடமும் சொல்லாதே. என் பெயரையும் ஊரையும் அங்கே வாயில் எடுக்காதே. மருமகனிடமும் சொல்லிவை.

தோட்டத்தில் தேங்காய் பறிப்பு நடக்கிறது. காவலுக்கு நான் ஒருவன்தான். கடற்கரை வேலியிலிருந்து தெருப்பக்க வேலிவரைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து படுத்தாலும் கால் நடக்கிற மாதிரிதான் இருக்கிறது.

மலைக் குளிர் பொல்லாதது. இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி குடி.

வாப்பா


ஹப்புத்தளை.
1955 ஜனவரி 30

வாப்பாவுக்கு,

ஸலாம். போனேன். நீங்கள் வேண்டாம் என்று எழுதாவிட்டால் ஒருவேளை போயிருக்க மாட்டேன்.

இவர் மருந்துப் பெட்டியோடு உள்ளே போக, நான் தோட்டத்துக்குள் நடந்தேன். சைப்ரஸ் மரங்களுக்குக் கீழே வெள்ளைக் கல், என் இடுப்பு உயரம் இருக்கும். சுற்றி இரும்பு வேலி, ரோசாப் பாத்தி. இங்கிலீசில் வெட்டியிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். "கமடோர். பார்த்தவர்கள் மறவாத குதிரை. மரணம் 1938 பெப்ரவரி 20." நீங்கள் வெள்ளையன் என்று கூப்பிட்ட குதிரைக்குத் துரை வைத்த பெயர் கமடோர் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

உம்மாவின் கபுறில் அடையாளத்துக்கு நட்ட மீசான் கட்டை எந்தக் காலமோ கறையான் அரித்துப் போயிற்று, வாப்பா. எந்த இடம் என்று பெரியவாப்பா விரலால் காட்டுவார், அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வோர் இடம். குதிரைக்குப் பளிங்குக் கல்.

கல்லின் மேல் சீனிக் கட்டிகள் வைத்திருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் குதிரைக்கென்று வைப்பார்களாம். எறும்பு மொய்த்துக் கிடந்தது. என் முன்னாலேயே ஒரு கொழும்பு நோனா இரண்டு கட்டி வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றா. அவ போனதும் அந்தச் சீனியை எல்லாம் கையால் தட்டிவிட்டேன்.

மழை வந்துவிட்டது. விறாந்தைக்கு ஓடினேன். மெனேஜர் ஒரு பறங்கிக்காரர், நல்ல மனிதர். தேத்தண்ணி தந்து உட்கார வைத்தார். அங்கே ஏழெட்டு விருந்தாளிகள் இருந்தார்கள். பின்னேரத் தேத்தண்ணிக்கு ஒவ்வொரு நாளும் அவர் இந்தக் கதையைச் சொல்வாராம். இங்கிலீசு எனக்குப் பாதிதான் விளங்கியது. மீதியை இவர் மெதுவாகச் சொன்னார்.

கதை இதுதான். கமடோர் வயிற்றுக் குத்து வந்து செத்தது. அதை வளர்த்த குதிரைக்காரன், கிழக்குக் கரையைச் சேர்ந்த ஒரு சோனகன், துக்கம் தாங்காமல் பின்பக்கத்துப் பள்ளத்தில் குதித்துவிட்டான். உடம்பு கிடைக்கவில்லை. தொப்பியும் கோட்டும்தான் கிடைத்தன. அன்றிலிருந்து மூடுபனி இறங்கினால் குளம்புச் சத்தமும் அதோடு ஒரு மனிதன் நடக்கிற சத்தமும் கேட்கும். "மனைவி பிள்ளையைக்கூட நினைக்காமல் ஒரு மிருகத்துக்காகச் செத்தவன்" என்று முடித்தார். ஒரு விருந்தாளி, "பாவம், எவ்வளவு விசுவாசம்!" என்றார்.

பிறகு மெனேஜர் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு படம் மாட்டியிருந்தது. வெள்ளைக் குதிரை. பக்கத்தில் அதன் தாடையில் கை வைத்துக்கொண்டு ஒருவர்.

நீங்கள்.

பேய் பேய் என்று இந்த மலையே பயப்படுவது உங்களுக்குத்தான், வாப்பா. நீங்களோ கோமாரியில் தேங்காய்க்குக் காவல் நிற்கிறீர்கள்.

அந்தப் படத்தில் நீங்கள் பல் தெரியச் சிரிக்கிறீர்கள். நீங்கள் சிரித்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பையும் அங்கேதான் விட்டுவிட்டு வந்தீர்களா?

அதற்குப் பிறகு நடந்ததை எழுத மாட்டேன். கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு எழுந்து நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

ஸம்ஸியா


கோமாரி.
6.2.55

மகளுக்கு,

ஸலாம். எழுந்து நின்று என்ன சொன்னாய்? அதை உடனே எழுது. யார் யார் இருந்தார்கள்? பொலிஸ்காரர், கோர்ட்டுக்காரர் யாரும் இருந்தார்களா? என் பெயரைச் சொன்னாயா? கோமாரி என்று சொன்னாயா?

நேற்று தெருவில் ஜீப் ஒன்று நின்றது. கல்லோயாத் திட்ட வேலைக்குப் போகிறவர்கள், தண்ணீர் கேட்டார்கள். அவர்கள் போகும்வரைக்கும் நான் தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் இருந்தேன். ஐம்பது வயது மனிதன் இப்படி இருக்கிறேன் என்று உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் கலியாணத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாய். மாப்பிள்ளையின் மாமா மீராசாஹிபு பொலிஸ் சாஜன். அவர் சபையில் முன்வரிசையில் உட்காருவார் என்று உன் பெரியவாப்பா சொல்லி அனுப்பினார். அன்று காலையில் வெள்ளைச் சாரன் உடுத்துக்கொண்டு நான் பஸ் நிற்கிற இடம்வரைக்கும் வந்தேன். மூன்று பஸ்ஸை விட்டேன். பிறகு திரும்பிப் போய்விட்டேன்.

இன்னும் ஒன்று. கல்லில் 20 என்றா வெட்டியிருக்கிறது? நன்றாகப் பார்த்தாயா? 19 இல்லையா?

வாப்பா


ஹப்புத்தளை.
1955 பெப்ரவரி 20

வாப்பாவுக்கு,

ஸலாம். 20தான். உங்களுக்காகத் திரும்பவும் போய்ப் பார்த்தேன்.

இரண்டு கிழமையாகப் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்தபோது முதலில் கோபம்தான் வந்தது. மூன்று பஸ்ஸை விட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அன்றைக்கே சொல்லியிருந்தால்! பிறகு பயம் வந்தது. அந்தக் குதிரையை நீங்கள் ஏதாவது செய்தீர்களா என்று நினைத்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், ஐந்தாறு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இந்த நாலு சுவருக்குள் நடந்தேன்.

நான் சொன்னது இதுதான்: "அவர் சாகவில்லை. அவர் பெயர் ஆதம்பாவா. என்னுடைய வாப்பா." தமிழில்தான் சொன்னேன். மெனேஜருக்கு விளங்கவில்லை. இவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, எனக்குச் சுகமில்லை என்று அவர்களிடம் சொன்னார். ஆனால் சாமான் அறைக் கதவில் நின்ற ஒருவருக்கு விளங்கிவிட்டது. அவர் கையிலிருந்த தட்டு விழுந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலை அவர் மருந்துச்சாலைக்கு வந்தார். உடம்புக்கு வருத்தம் ஒன்றுமில்லை, என்னைப் பார்க்க வேண்டும் என்றார். பெயர் கனகரெத்தினம், மட்டக்களப்பு ஆள், ஹோட்டலில் ஸ்டோர் கிளாக். தலையெல்லாம் நரைத்துவிட்டது. அவரை உங்களுக்குத் தெரியும்தானே?

வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். பிறகு, "ஆதம்பாவா சுகமா இருக்காரா, புள்ள?" என்று கேட்டார்.

"இரிக்கிறார். பொலிசுக்குப் பயந்து ஒளிச்சிக்கிட்டு இரிக்கிறார்" என்றேன்.

"பொலிசா? என்னத்துக்கு?"

"அது ஒங்களுக்குத்தான் தெரியணும்."

அந்த மனிதர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, அவர் ஊரில புள்ளையோட சந்தோசமா இருப்பார் எண்டுதானே நான் நினைச்சிக்கிட்டு இருந்த!" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் போன அடுத்த நாள், குதிரைக்காரன் விஷம் வைத்துவிட்டு ஓடிவிட்டான் என்று துரை பொலிசைக் கூப்பிட்டது உண்மை. அவர்கள் வரும் முன்னே கனகரெத்தினம் உங்கள் தொப்பியையும் கோட்டையும் லாயத்திலிருந்து எடுத்துப்போய்ப் பள்ளத்து ஓரத்தில் போட்டாராம். பொலிசார் கயிறு கட்டி இறங்கித் தேடிவிட்டு, ஆள் செத்துப்போனான் என்று எழுதிக்கொண்டு போனார்கள். வழக்கே இல்லை. ஹார்டிங் துரையும் அடுத்த வருடமே சீமைக்குப் போய் அங்கே இறந்துவிட்டார். பேய் என்பது பிறகு சமையல்காரர்கள் கட்டிய கதை. அது நல்லதுக்குத்தான் என்று கனகரெத்தினம் வாயை மூடிக்கொண்டார்.

உங்களைத் தேட ஒருவரும் இல்லை, வாப்பா. பதினேழு வருடமாக ஒருவரும் இல்லை.

"ஏன் அப்படிச் செய்தீங்க? அவர் ஒங்களுக்கு யார்?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அந்த மனிதர் அழுதார். உம்மா மௌத்தான தந்தி வியாழக்கிழமை வந்ததாம். கையெழுத்துப் போட்டு வாங்கியது அவர்தானாம். சனிக்கிழமைக் காட்சி முடியும்வரைக்கும் உங்களிடம் சொல்லக் கூடாது என்று துரை அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வேலை போய்விடும் என்ற பயத்தில் கனகரெத்தினமும் இரண்டு நாள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார். "அந்த ரெண்டு நாளைக்கு நான் செய்த பரிகாரம்தான் புள்ள அந்தத் தொப்பி" என்றார்.

எனக்குத் தெரியாத இரண்டாவது தந்தி ஒன்று இருந்திருக்கிறது. அதை ஏன் நீங்கள் எங்களுக்குச் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களை நான் வெறுத்திருக்க மாட்டேனே.

இப்போது எழுதுங்கள். நடந்ததையெல்லாம் எழுதுங்கள். எனக்கு ஐந்தாம் மாதம். என் பிள்ளை பிறந்து உங்களைப் பற்றிக் கேட்டால் ஹோட்டல்காரர் சொல்லும் கதையையா நான் சொல்வது?

ஸம்ஸியா


கோமாரி.
6.3.55

என் மகள் ஸம்ஸியாவுக்கு,

அல்லாஹ் உன்னையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். இந்தக் கடிதத்தை எழுதவும் கிழிக்கவுமாகப் பத்து நாள் போய்விட்டது.

கேட்டாய், சொல்கிறேன். இரண்டாவது தந்தியைப் பற்றிச் சொல்லாததற்குக் காரணம் முதல் தந்தி. அது புதன்கிழமை என் கைக்கே வந்தது. இங்கிலீசில் இருந்ததைக் கனகரெத்தினம்தான் வாசித்துச் சொன்னார். "சல்மா உம்மா கடுமை, உடனே வா." அன்றைக்கே நான் புறப்பட்டிருக்கலாம். என் காலை யாரும் கட்டிப்போடவில்லை. துரை லீவு தர மாட்டேன் என்றார், அவ்வளவுதான். வேலையை விட்டெறிந்துவிட்டுப் போயிருக்கலாம்.

போகவில்லை. வெள்ளையனுக்குச் செவ்வாய்க்கிழமையே வயிற்றுக் குத்துத் தொடங்கியிருந்தது. அந்த வருத்தத்தில் குதிரையைப் படுத்து உருள விடக் கூடாது. உருண்டால் குடல் முறுகும். வாரைப் பிடித்து நடத்திக்கொண்டே இருக்க வேண்டும். என்னைத் தவிர வேறு யார் பிடித்தாலும் அவன் நடக்க மாட்டான். அதற்கு முன்னும் இரண்டு தரம் எனக்கு அப்படித் தந்தி வந்தது. பதறிக்கொண்டு ஊருக்கு வந்தால் உன் உம்மா காய்ச்சல் விட்டு எழுந்திருந்து, "என்ன, குதிர ஒங்கள விட்டுட்டானா?" என்று சிரிப்பா. இந்த முறையும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்குத் தங்கச்சி இருக்கிறா, ஊர் இருக்கிறது, இவனுக்கு என்னைவிட்டால் யார் என்று நினைத்தேன். அந்தக் கணக்கு பிழைத்துவிட்டது. பிழை என்னுடையதுதான், துரையுடையது இல்லை. தந்தியைத் துரை மறைத்தான் என்று ஊரில் சொன்னால் என் பிழையை அவன் தலையில் போடுகிற மாதிரி இருக்கும். அதனால் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவனுக்குக் கொஞ்சம் சுகம் வந்தது. சனிக்கிழமை பின்னேரம் கொழும்புத் துரைமாருக்குக் காட்சி. ஆட விடக் கூடாது என்று நான் லாயத்துக் கதவில் குறுக்கே நின்றேன். துரை சவுக்கால் என் தோளில் அடித்துவிட்டு, ஏதோ மருந்தை அவன் வாய்க்குள் ஊற்றிக் கொண்டுபோனார். வெள்ளையன் ஆடினான், மகள். பாண்டு வாத்தியத்துக்குக் கால் மாற்றி மாற்றி ஆடினான். கடைசியில் முன்னங்காலை மடக்கிச் சபைக்கு ஸலாம் வைத்தவன் எழும்பவில்லை.

அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போது கனகரெத்தினம் வந்து குனிந்து, "ஆதம்பாவா, உங்கட மனிசி வியாழக்கிழமையே போயிட்டா" என்றார்.

அவன் தலையை இறக்கி வைத்துவிட்டு எழும்பினேன். அவனுக்கு அப்போதும் மூச்சு இருந்தது. நான் போவதைக் கண் திருப்பிப் பார்த்தான். "நீதான் குதிரையக் கொன்ற, உன்னைப் பொலிசில குடுத்து மறியலுக்கு அனுப்புவன்" என்று துரை பின்னால் கத்தினார். கோட்டு, தொப்பி, செருப்பு எல்லாம் லாயத்தில். அப்படியே கொஸ்லந்தைப் பக்கம் நடந்தேன். வெல்லவாயவிலிருந்து ஒரு லொறி ஏற்றியது. சியம்பலாண்டுவவிலிருந்து பொத்துவிலுக்கு நடைதான்.

நான் வந்து வாசலில் நின்றபோது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. "வாப்பா, குதிரைக்குச் சுகமா?" என்று கேட்டாய். "தெரியாது மகள்" என்று சொல்லிவிட்டு நான் விழுந்து அழுதேன். வீடு நிறைந்த சனம். மனைவியின் கபுறு ஈரம் காயவில்லை, குதிரைக்கு அழுகிறான் என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. யாருக்காக அழுதேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கடைசி மூச்சில் இரண்டு பேரையும் விட்டுவிட்டேன். ஒருத்தியிடம் போகவில்லை, ஒருவனிடம் நிற்கவில்லை.

அதனால்தான் 20ஆ 19ஆ என்று கேட்டேன். நான் எழும்பினதும் அவன் போயிருப்பான் என்றுதான் இவ்வளவு காலமும் மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த நாள்வரைக்கும் இருந்திருக்கிறான்.

பிறகு கோமாரியில் வந்து ஒளிந்தது பொலிசுக்குப் பயந்துதான், அது உண்மை. ஆனால் ஊருக்குள் வர அதைவிட உன் முகத்துக்குத்தான் பயந்தேன்.

வாப்பா


ஹப்புத்தளை.
1955 மார்ச் 27

வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். "குதிரைக்குச் சுகமா" என்று நான் கேட்டதும் நீங்கள் அழுததும் எனக்கு நினைவிருக்கிறது. பதினேழு வருடமாக அதைத்தான் மனதில் வைத்திருந்தேன். "தெரியாது" என்று நீங்கள் சொன்னது மட்டும் நினைவில்லை.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு கனகரெத்தினத்திடம் போனேன். ஆர்டன்ஹில்லுக்கு இது மூன்றாவது தரம். அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் சொன்னார்: நீங்கள் போன பிறகு அவரே வெள்ளையனுக்குப் பக்கத்தில் இருந்தாராம். உங்கள் சால்வையை லாயத்தில் கண்டு எடுத்து அவன் மூக்கடியில் வைத்தாராம். அதன் பிறகு அவன் காலை உதறவில்லையாம். விடிந்து, தேயிலை மலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடத் தப்பு அடிக்கிற நேரத்தில், அமைதியாகப் போனானாம். நான் இட்டுக்கட்டி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவரே கீழே ஒப்பம் வைத்துத் தருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கல்லடிக்குப் போனோம். முதல் நாள் சீனியைத் தட்டிவிட்டவள்தானே நான். இந்த முறை என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "உன்னில எனக்குக் கோபமில்ல" என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. கொஞ்சம் கோபம் இருக்கத்தான் செய்கிறது. உங்களிலும் இருக்கிறது. ஒரு கடிதத்தில் அது போய்விடாது, வாப்பா.

மெனேஜருக்கு இவர் எல்லாவற்றையும் இங்கிலீசில் எடுத்துச் சொன்னார். அவர் நம்பினாரோ தெரியாது. கதை நன்றாக இல்லை என்றார்.

பிள்ளைப்பேற்றுக்கு நோன்பு தலைப்பிறைக்கு முன்பே ஊருக்கு வருகிறேன். ஏப்ரல் 17ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, இவர் என்னைப் பொத்துவில் வழியாகக் கூட்டி வருவார். பஸ் கோமாரியில் நிற்கும். நான் இறங்க மாட்டேன், எட்டியும் பார்க்க மாட்டேன். உங்களைப் பார்ப்பதென்றால் சாய்ந்தமருதில், உம்மாவின் வீட்டில்தான் பார்ப்பேன். அந்த வீட்டில் நீங்கள் இல்லாவிட்டால் இதுதான் கடைசிக் கடிதம்.

ஸம்ஸியா


சாய்ந்தமருது.
10.4.55

மகள் ஸம்ஸியாவுக்கு,

உன் மேலும் மருமகன் மேலும் ஸலாம் உண்டாகட்டும். விலாசத்தைப் பார்த்திருப்பாய்.

வியாழக்கிழமை வந்தேன். முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். ஆனால் சாய்ந்தமருதில் இறங்கவில்லை. கல்முனைவரைக்கும் போய்ப் பொலிஸ் ஸ்டேசனுக்கு முன்னால் இறங்கினேன். ஏன் என்று கேட்காதே. அதைக் கடக்காமல் வீட்டுக்கு வந்தால் திரும்பவும் ஓடுவேன் என்று தோன்றியது. வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். கொஸ்தாப்பல் ஒருவர் வெளியே வந்து, "என்ன பெரியவர், முறைப்பாடா?" என்று கேட்டார். என் பெயர் ஆதம்பாவா என்றேன். "அதுக்கு?" என்றார். ஒன்றுமில்லை, மணி என்ன என்று கேட்டேன். பத்தரை என்றார். அங்கிருந்து தெரு நீளம் நடந்தே வந்தேன். வழியெல்லாம் ஓடவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வீட்டு வளவுக்குள் போக முன் பெரியவாப்பாவைக் கூட்டிக்கொண்டு உன் உம்மா கிடக்கும் மையவாடிக்குப் போனேன். அதை எழுத வரவில்லை.

வாசலில் உன் சாச்சி சபியா உம்மா முளகாய் காயப் போட்டுக்கொண்டு இருந்தா. என்னைக் கண்டு எழும்பினா, திரும்ப உட்கார்ந்தா, திரும்ப எழும்பினா. "புள்ள எழுதியிருந்திச்சி. வாறதெண்டா நேரத்தோட வந்திருக்கலாம்தானே மச்சான், சோத்துக்கு அரிசி போட்டிருப்பன்" என்றா. பதினேழு வருடத்தைப் பற்றி அவ்வளவுதான் சொன்னா. பிறகு மண்குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய் அழுதா. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அழுதா என்று நினைக்கிறேன்.

உன் அறைக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. மூன்று நாளாகத் தென்னங்கிடுகு மாற்றுகிறேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நேற்றுக் கூரையில் இருக்கும்போது பக்கத்து வளவிலிருந்து ஒருத்தி, ஆமினா உம்மா என்று பெயர், புதிதாகக் குடிவந்தவ போல, வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "ஆரு அது? கூலிக்கு வந்த ஆளா?" என்று கேட்டா.

சபியா உம்மா கீழே நின்றா. நான் என்ன சொல்கிறேன் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றா.

"சல்மா உம்மாட மாப்புள்ள, ஸம்ஸியாட வாப்பா" என்றேன்.

சத்தம் கொஞ்சம் கூடிப்போயிற்று. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ஆமினா உம்மா, "ஓ, அப்படியா" என்று போய்விட்டா. நான் திரும்பக் கிடுகைக் கட்டத் தொடங்கினேன். முடிச்சுப் போட முடியாமல் கண் மறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கரைப்பற்றிலிருந்து பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று யாரும் சரியாகச் சொல்கிறார்கள் இல்லை. பகல் லுஹர் தொழுதுவிட்டுச் சந்திக்கு வந்துவிடுவேன். பஸ் பிந்தினாலும் அங்கேயேதான் நிற்பேன்.

உன் வாப்பா
ஆதம்பாவா